டெலீட் பண்ணச் சொல்லிக் குடுக்கறீங்க, திருப்பி எடுக்கவும் சொல்லிக் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க,

உங்க பேப்பர்ல வாராவாரம் வர்ற கம்ப்யூட்டர் பகுதிய நா விடாம படிக்கறவ. போன வாரம் க்ளவுட் டேட்டாபேஸ்ல இருக்கற ரெக்கார்ட புரோகிராம் கோடு எழுதி டெலீட் பண்றது எப்படின்னு போட்டிருந்தீங்க, தமிழ்ல இதையெல்லாம் யாரும் எழுதறதில்ல, அதனால மொதல்ல நன்றி சொல்லிக்கறேன். ஆனா படிச்சு முடிச்சதுல இருந்து ஒன்னு உறுத்திக்கிட்டே இருக்குது. எந்த ரெக்கார்டு வேணுமோ அதோட ஐடிய குடு, டெலீட்னு கூப்புடு, வேலை முடிஞ்சுதுன்னு எழுதிட்டீங்க. அந்த ஐடி தப்பா இருந்தா என்ன ஆகும், டெலீட் ஆன ரெக்கார்டோட சேந்த மத்த விஷயமெல்லாம் எங்க போகும், நாளைக்கு திருப்பி வேணும்னா எங்க போய்க் கேக்கறது, இதப்பத்தி ஒரு வரி கூட இல்ல. படிக்கற பசங்க நாளைக்கே இத காப்பி பண்ணி நெசமான ஜனங்களோட கணக்குல ஓட்டுவாங்க, அதனாலதான் எழுதறேன்.

நாங்க இருக்கறது கொழிஞ்சாம்பாறை பக்கமுங்க, பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுக்கா, வேலந்தாவளம் தாண்டுனா கோயமுத்தூர் ஜில்லா. வீட்டுல பேசறது தமிழு, ஆபீஸ் பேப்பரெல்லாம் மலையாளம். இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு மாடு இருக்கும், பால் சங்கந்தான் பல வீட்டுக்கு வாரச் செலவுக்கு வழி. நா கோயமுத்தூர்ல ஒரு கம்பெனில பேக்எண்ட் வேலை, அதாவது ஆப்புக்கு பின்னால டேட்டாவ பாத்துக்கற கோடு எழுதற வேலை, பாத்துட்டு இப்ப வீட்டுல இருந்தே அந்த வேலைய பண்றேன், அதனால டேட்டாபேஸ்ல ஏதாச்சும் கோளாறுன்னா அக்கம்பக்கத்துல எங்கிட்ட வந்து கேப்பாங்க.

இங்க ஒரு சங்கத்துல நடந்தத சொல்றேன், சங்கத்து பேரும் ஆப் செஞ்சு குடுத்த கம்பெனி பேரும் வேண்டாம். காலைல சாயந்தரம் பால் ஊத்தறவங்க கணக்கு, லிட்டரு, கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பு போக பால்ல இருக்கற மத்த திடச்சத்து), விலை எல்லாமே ஆப்ல ஏறும், அது கூகுளோட ஃபயர்ஸ்டோர்ங்கற க்ளவுட் டேட்டாபேஸ்ல போய் உக்காரும். மெம்பர் ஒவ்வொருத்தருக்கும் ஒரு டாக்குமென்ட், அதாவது ஒரு ரெக்கார்டு, அதுக்கு கீழ தனியா ஒரு கலெக்‌ஷன், அதுல தினம் ஊத்துன பாலோட என்ட்ரி. மெம்பர் லிஸ்ட் நீளமாப் போச்சு, ஆப் தொறக்க நேரமாகுதுன்னு சங்கத்துல சொல்லிருக்காங்க, உடனே அந்தக் கம்பெனில ஒரு ஸ்கிரிப்ட் (சின்ன புரோகிராம்) எழுதி கடைசி 60 நாளா பால் ஊத்தாத மெம்பர் அத்தன பேரையும் ஒரே ராத்திரில டெலீட் பண்ணிட்டாங்க. அவங்க கணக்குப்படி 60 நாளு ஊத்தலைன்னா அந்த ஆளு சங்கத்த விட்டுப் போயாச்சு.

மாடு வெச்சிருக்கற யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க, கன்னு போடறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி கறவைய நிறுத்தி மாட்ட வத்த விடணும், அப்பத்தான் அடுத்த ஈத்துல பால் நல்லா இருக்கும். ரெண்டு மூணு மாடு வெச்சிருக்கறவங்களுக்கு ஒன்னு வத்துனா இன்னொன்னு கறக்கும், ஒரே ஒரு மாடு வெச்சிருக்கற வீட்டுல அந்த ரெண்டு மாசமும் கேனு கவுந்துதான் கெடக்கும், கன்னு போட்டு சீம்பாலெல்லாம் தீந்த பொறகுதான் மறுபடி சங்கத்துக்குப் போவாங்க. அப்ப அந்த 60 நாள் கணக்குல போனது யாரு, ஒத்த மாட்ட வெச்சு பொழைக்கற வீடுகதான் போச்சு, அதுலயும் பொம்பளைங்க பேர்ல இருக்கற கார்டுகதான் நெறையா. கோடு எழுதுன தம்பி மேல எனக்கு கோவமில்லீங்க, அவருக்கு மாட்டப் பத்தி தெரியாது. தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட லிஸ்ட்ட காட்டிக் கேக்காமயே ஓட்டுனாங்க பாருங்க, அதுதான் கோவம்.

எதிர்வீட்டு அத்தை கன்னு போட்ட மாட்டுப் பால எடுத்துட்டுப் போயிருக்காங்க, நம்பர் சொன்னா மிஷின்ல அப்படி ஒரு மெம்பரே இல்லைன்னு காட்டுது. திரும்பி வந்து எங்க வாசல்லயே உக்காந்துட்டாங்க, "அம்மிணி, நா இந்த ஊருக்கு கண்ணாலமாகி வந்ததுல இருந்து ஊத்தறேன், என்னைய இல்லைங்குது பாரு சாமி, அப்ப பென்ஷனுக்கு எழுதிக் குடுத்தது எல்லாம் போச்சா"ன்னு கேட்டாங்க. அவங்க கேட்டதுல ஞாயமிருக்கு. கேரளாவுல க்ஷீர கர்ஷக க்ஷேமநிதில, அதாவது பால் விவசாயிகளுக்கான நலநிதில, சேந்தவங்களுக்கு சங்கத்துல வருசா வருசம் எவ்வளவு பால் ஊத்துனாங்கங்கற கணக்குதான் ஆதாரம், அது இல்லைன்னா கடைசி காலத்துல கெடைக்க வேண்டிய பணத்துக்கே ஆபத்து. டெலீட்னு கோடுல எழுதற அந்த ஒரு வார்த்தை அத்தை வீட்டுல இவ்வளவு தூரம் வருது.

கம்பெனிக்காரங்கள கேட்டா க்ளவுட்ல இருக்குதுங்க, பேக்கப் இருக்கும்னு மொதல்ல சொன்னாங்க, பொறகு பாத்தா இல்ல. இத எல்லாரும் தெரிஞ்சுக்கணும், க்ளவுட்ல இருக்குதுன்னா பேக்கப் இருக்குதுன்னு அர்த்தமே இல்லீங்க. ஃபயர்ஸ்டோர்ல பழைய நெலமைக்கு 7 நாள் வரைக்கும் திரும்பிப் போற வசதி இருக்குது, நாமளா அத ஆன் பண்ணி வெச்சிருந்தா மட்டும். ஆன் பண்ணலைன்னா கடைசி ஒரு மணி நேரத்துக்குள்ள இருந்ததத்தான் படிக்க முடியும், ராத்திரி ஓட்டுன ஸ்கிரிப்ட் காலைல தெரிஞ்சா அதுக்குள்ள நேரம் தாண்டிரும். தானா பேக்கப் எடுத்து 14 வாரம் வரைக்கும் வெச்சுக்கற ஏற்பாடும் இருக்குது, ஆனா இது ரெண்டும் பில்லிங் போட்ட கணக்குக்குத்தான், இலவசத்துல கெடையாது. இலவசத்துல ஒரு நாளைக்கு 20,000 டெலீட் பண்ணிக்கலாம், அந்த ஒரு மணி நேரத்த விட்டா திருப்பி எடுக்கறதுக்கு ஒன்னும் கெடையாது! சின்னச் சங்கம், சின்னக் கடை, டியூஷன் சென்டர் இதுக்கெல்லாம் பெரும்பாலும் இந்த இலவசத்துலதான் ஆப் செஞ்சு குடுக்கறாங்க.

செயலாளர் எங்கிட்ட வந்து பாக்க முடியுமான்னு கேட்டாரு, எழுத்துல அனுமதி வாங்கிக்கிட்டு உள்ள போய்ப் பாத்தேன். அங்க மெம்பர் டாக்குமென்டுகதான் காணாமப் போயிருந்துச்சு, அதுக்கு கீழ இருந்த பால் என்ட்ரி எல்லாம் அப்படியே கெடந்துச்சு. ஃபயர்ஸ்டோர்ல கோடு வழியா ஒரு டாக்குமென்ட டெலீட் பண்ணா அந்த டாக்குமென்ட் மட்டுந்தான் போகும், அதுக்கு கீழ இருக்கற சப் கலெக்‌ஷன் போகாது, இது மறைச்சு வெச்ச விஷயமில்ல, அவங்க டாக்குமென்டேஷன்லயே எழுதி வெச்சிருக்காங்க. கன்சோல்ல, அதாவது டேட்டாபேஸ பாக்கற வெப் பக்கத்துல, தொறந்து பாத்தா அந்த ஐடி மட்டும் சாஞ்ச எழுத்துல தெரியும், உள்ள பேரு, அட்ரஸ், பேங்க் நம்பர் ஒன்னும் இருக்காது, ஆனா கீழ போனா தேதி வாரியா பால் இருக்கும். முழு அதிகாரத்தோட ஓடற அட்மின் லைப்ரரில இந்த மாதிரி தலை இல்லாத ஐடிகள பட்டியல் எடுக்கவும் வழி இருக்குது. அதை எடுத்து, சங்கத்துல ஒரு வயசான க்ளார்க்கு ஆப் வந்த பொறகும் விடாம எழுதிட்டு வந்த நோட்டுல இருந்து பேரு நம்பர் பாத்துப் பாத்து ஒன்னொன்னா சேத்து வெச்சோம். பேங்க் விவரம் மட்டும் மறுபடி எல்லார்கிட்டயும் வாங்க வேண்டியதாப் போச்சு. அந்தப் பெரியவரு அந்த நோட்டை மட்டும் எழுதாம விட்டிருந்தார்னா எந்த என்ட்ரி யாரோடதுன்னு கண்டுபுடிக்க வழியே இருந்திருக்காது.

அப்படி தேடறப்பத்தான் இன்னொன்னு கண்ணுல பட்டுச்சு, அது என்னைய இன்னும் அதிகமா சங்கடப்படுத்துச்சு. மாட்ட வித்துட்டு பொள்ளாச்சிப் பக்கம் மகன் வீட்டோட போனவங்க, சங்கமே வேண்டாம் எங்க விவரத்த எடுத்துருங்கன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனவங்க, இவங்களையும் முன்னாடியே இதே மாதிரி ஒத்த டெலீட்லதான் எடுத்திருக்காங்க. பேரு லிஸ்ட்ல இல்ல. ஆனா என்ட்ரியெல்லாம் இருக்குது, ஃபோட்டோ வெக்கற ஸ்டோரேஜ்ல அவங்க பேங்க் பாஸ்புக் மொதப் பக்கம், ஆதார் ஃபோட்டோ அப்படியே இருக்குது, ஏன்னா டேட்டாபேஸ்ல டெலீட் பண்ணா ஸ்டோரேஜ்ல இருக்கற ஃபைல் தானா போகாது, ரெண்டும் வேற வேற. எடுத்தாச்சுன்னு சொல்லி அவங்கள அனுப்பிருக்காங்க, அவங்களும் நம்பிப் போயிட்டாங்க. இருக்க வேண்டியது போயிருச்சு, போக வேண்டியது இருக்குது, ரெண்டுக்கும் காரணம் ஒன்னேதான், டெலீட் பண்ணா என்னென்ன போகும்னு யோசிக்காம கோடு எழுதறது.

இது இனிமே சட்டத்துலயும் வர்ற விஷயம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல வந்துச்சு, அதோட விதிகள் 2025 நவம்பர்ல வந்துச்சு, முக்கியமான கடமைகளுக்கு 18 மாசம் அவகாசம் குடுத்திருக்காங்க. ஒருத்தர் சம்மதத்த வாபஸ் வாங்குனாலோ, எதுக்காக விவரம் வாங்குனமோ அந்த வேலை முடிஞ்சாலோ, வேற சட்டத்துக்காக வெச்சிருக்க வேண்டியது போக மீதிய அழிக்கணும்னு அந்தச் சட்டம் சொல்லுது. அப்ப எது வெச்சிருக்கணும் எது அழிக்கணும்னு பிரிச்சுப் பாக்கற வேலை கோடு எழுதறதுக்கு முன்னாடியே நடக்கணும். பால் கணக்கு க்ஷேமநிதிக்கும் ஆடிட்டுக்கும் வேணும், பாஸ்புக் ஃபோட்டோ வேண்டாம், ரெண்டையும் ஒரே டெலீட்ல முடிக்க முடியாது.

ஃபயர்ஸ்டோர் மட்டும் இப்படின்னு நெனைக்காதீங்க, ஒவ்வொன்னுக்கும் ஒரு கொணம் இருக்குது. அமேசானோட டைனமோடிபிங்கற டேட்டாபேஸ்ல இன்ன நிபந்தனைக்கு வர்றத எல்லாம் அழின்னு ஒரே வரில சொல்ல முடியாது, ரெக்கார்டோட சாவி, அதாவது ஐடி மாதிரி ஒன்ன குடுத்து ஒவ்வொன்னாத்தான் எடுக்கணும், அந்த சாவிகள தேட டேபிள ஸ்கேன் பண்ணா ஒரு தடவைக்கு 1 எம்பி வரைக்குந்தான் படிச்சுக் குடுக்கும், மிச்சம் இருக்குது தொடந்து கேளுன்னு ஒரு குறி வெச்சு அனுப்பும். அந்தக் குறிய பாக்காத கோடு மொத துண்டை மட்டும் அழிச்சுட்டு முடிஞ்சுதுன்னு சொல்லிரும், டெஸ்ட்ல கொஞ்சம் ரெக்கார்டு வெச்சுப் பாத்தப்ப எல்லாம் சரியாத்தான் போயிருக்கும். மொத்தமா 25 25ஆ அனுப்பறதுலயும் சிலது செய்யாம திரும்பி வரும், அத மறுபடி அனுப்பணும். மோங்கோடிபிங்கற டேட்டாபேஸ்ல டெலீட் மெனிங்கற கட்டளைக்கு நிபந்தனை இல்லாம வெறும் அடைப்பு {} குடுத்தா கலெக்‌ஷன்ல இருக்கற அத்தனையும் போயிரும், அதுக்கு மேல போட்டுக்கற மங்கூஸ்ங்கற லைப்ரரில சில வெர்ஷன்ல ஃபீல்டு பேர்ல ஒரு எழுத்து தப்பா இருந்தா தெரியாத ஃபீல்டுன்னு அந்த நிபந்தனையையே தூக்கிரும், அப்ப மிஞ்சறது வெறும் அடைப்புதான். எஸ்க்யூஎல் டேட்டாபேஸ்ல எந்த வரிய அழிக்கணும்னு சொல்ற வேர் (WHERE) போட மறந்தா டேபிளே காலி, மைஎஸ்க்யூஎல்ல அத தடுக்கறதுக்கு சேஃப் அப்டேட்ஸ்னு ஒரு செட்டிங்கே வெச்சிருக்காங்க. இன்னொன்னு, ஃபயர்ஸ்டோர்லயும் டைனமோடிபிலயும் இல்லாத ஐடிய குடுத்து டெலீட் பண்ணாலும் எரர் வராது, சக்சஸ்னுதான் வரும். அதனால எரர் வரல அப்ப சரியா நடந்திருச்சுன்னு முடிவு பண்ணவே கூடாது. இதுல ஒரு நாலு வரியாச்சும் உங்க கட்டுரைல இருந்திருந்தா எவ்வளவு பிரயோஜனமா இருந்திருக்கும்.

பெரிய கம்பெனிலயும் இதேதான் நடக்குது. 2022 ஏப்ரல்ல அட்லாசியன்ங்கற சாஃப்ட்வேர் கம்பெனில பழைய ஆப் ஒன்ன கஸ்டமர் சைட்டுல இருந்து எடுக்க ஸ்கிரிப்ட் ஓட்டுனாங்க. ஓட்டச் சொன்ன டீம் ஆப்போட ஐடி குடுக்கறதுக்கு பதிலா மொத்த சைட்டோட ஐடிய குடுத்துருச்சு, டெலீட் உத்தரவ வாங்கற அந்த ஏபிஐ ரெண்டு விதமான ஐடியும் வாங்கிக்கும், கேள்வியும் கேக்காது. அந்த ஸ்கிரிப்ட்ல ரெண்டு விதம் இருந்துச்சு, ஒன்னு அழிக்கறதுக்கு குறி மட்டும் வெக்கறது, இன்னொன்னு நெரந்தரமா அழிக்கறது, ஓடுனது ரெண்டாவது. 775 கஸ்டமருக்கு சைட்டே இல்ல, சிலருக்கு திரும்பி வர 14 நாள் வரைக்கும் ஆச்சு. அவங்க அத மறைக்காம விரிவா எழுதி வெளிய விட்டாங்க, அதுக்கு அவங்கள பாராட்டணும், அதனாலதான் நம்மளால இன்னிக்கு படிச்சு கத்துக்க முடியுது. 2017 ஜனவரி 31ல புரோகிராம் கோடு சேத்து வெக்கற எடமான கிட்லேப் கம்பெனில ஒரு இன்ஜினியர் தப்பான சர்வர்ல டேட்டா டைரக்டரிய அழிச்சுட்டாரு, 300 ஜிபி பக்கம் போச்சு, பேக்கப்புக்குன்னு வெச்சிருந்த வழிகள ஒன்னொன்னா பாத்தா சரியா வேலை செஞ்சது இல்ல, கடைசில ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி தற்செயலா எடுத்து வெச்சிருந்த காப்பில இருந்துதான் எழுந்திரிச்சாங்க. பேக்கப் எடுக்கறோம்னு நம்பறதும், எடுத்தத திருப்பி போட்டுப் பாக்கறதும் வேற வேறங்கறதுக்கு இது போதும்.

குறி மட்டும் வெக்கறது, நெரந்தரமா அழிக்கறதுன்னு சொன்னேனே, அந்த ரெண்டு விதத்தத்தான் நா பசங்களுக்கு மொதல்ல சொல்லிக் குடுக்கணும்ங்கறேன். பழைய பேரேட்டுல கணக்குப்புள்ள ஒரு பேர நீக்கறப்ப மேல ஒத்தக் கோடு இழுத்து தேதி போட்டு கையெழுத்து வெப்பாரு, கீழ இருக்கற எழுத்து படிக்க முடியும், தாள கிழிக்க மாட்டாரு. புரோகிராம் கோடுலயும் அதேதான். மெம்பர் டாக்குமென்ட்ல நீக்கப்பட்ட தேதி, நீக்குனது யாரு, எதுக்காகன்னு மூணு ஃபீல்டு போட்டு வெச்சா ஆப் லிஸ்ட்ல அவங்க வர மாட்டாங்க, கணக்கும் போகாது, ஒரு காலம் வெச்சுப் பாத்து யாரும் கேட்டு வரலைன்னா அதுக்கப்புறம் நெசமான டெலீட். லிஸ்ட் நீளமாயிருச்சு, ஆப் மெதுவா இருக்குதுங்கறதுதான் பிரச்சனைன்னா இந்தக் குறியே அதுக்குப் போதும், டெலீட்டே வேண்டாம். நெசமா டெலீட் பண்றப்ப கீழ இருக்கறதையும் சேத்து எடுக்க அட்மின் லைப்ரரில ரிகர்சிவ் டெலீட் இருக்குது, ஸ்டோரேஜ் ஃபைலுக்கு தனியா எழுதணும்.

அழிக்கறதுக்கு முன்னாடி எண்ணிப் பாக்கறதும் அப்படித்தான், அதே நிபந்தனைய வெச்சு டெலீட்டுக்கு பதிலா கவுன்ட் போட்டா எத்தன பேரு போவாங்கன்னு தெரிஞ்சிரும், ஃபயர்ஸ்டோர்ல 1000 வரைக்கும் எண்ணுனாலும் ஒரே ஒரு ரெக்கார்ட படிச்ச கணக்குத்தான் விழும், செலவே இல்ல. அந்தப் பட்டியல அச்சடிச்சு செயலாளர்கிட்டயும் பால் அளக்கறவங்ககிட்டயும் குடுத்தா ஒரே பார்வைல சொல்லிருப்பாங்க, இவங்க மாடு சினை, இவங்க ஆஸ்பத்திரில இருக்காங்க, இவங்க மட்டுந்தான் போனவங்கன்னு. கம்ப்யூட்டருக்கு தெரியாதது ஊருக்குத் தெரியும். அப்புறம் யாரு கைல சாவி இருக்குதுங்கறது, ஃபயர்ஸ்டோர்ல நம்ம எழுதி வெக்கற செக்யூரிட்டி ரூல்ஸ் எதுவும் அட்மின் சாவில ஓடற ஸ்கிரிப்ட தடுக்காது, அந்த சாவி ஃபைலு ஒருத்தர் லேப்டாப்ல இருந்தா அந்த லேப்டாப்ல இருந்து மொத்த சங்கத்தையும் அழிக்கலாம். எங்க சங்கத்துல இப்ப அந்தப் பழைய சாவிய ரத்து பண்ணி, டெலீட் பண்ண தனி அனுமதி, ரெண்டு பேர் கையெழுத்துன்னு மாத்திருக்காங்க, பில்லிங் போட்டு பேக்கப்பும் ஆன் பண்ணியாச்சு. மாசச் செலவு அவங்க டீக்கு குடுக்கறத விட கம்மியாத்தான் வருது.

இப்ப ஏஐகிட்ட கேட்டா கோடு எழுதிக் குடுத்துருது, பசங்க அத அப்படியே ஓட்டறாங்க. 60 நாள் ஊத்தாதவங்கள டெலீட் பண்ண ஸ்கிரிப்ட் குடுன்னு கேட்டா அது குடுத்துரும். மாடு வத்திருக்குதான்னு அது கேக்காது, கேக்க வேண்டியது நாமதான்.

உங்ககிட்ட ஒன்னு கேக்கறேன். டெலீட் பகுதிக்கு அடுத்த வாரமே ஒரு தொடர்ச்சி போடுங்க, சும்மா ஒரு டெஸ்ட் டேட்டாபேஸ் செஞ்சு, அதுல மெம்பர் என்ட்ரின்னு நாலு ரெக்கார்டு போட்டு, மொதல்ல எண்ணி, பொறகு குறி வெச்சு, பொறகு டெலீட் பண்ணி, கடைசில பேக்கப்ல இருந்து திருப்பி எடுத்துக் காட்டுங்க, திருப்பி எடுக்கற பகுதிக்கு அதிகமா எடம் குடுங்க. எங்க பக்கத்து சங்கங்கள்ல, அக்ஷயாங்கற கேரள அரசு இ-சேவை சென்டர்ல, டியூஷன்ல உங்க பேப்பர் வாங்கறாங்க, வெட்டி செவுத்துல ஒட்டுவாங்க. புதுசா ஆப் வாங்கற சங்கத்துக்காரங்க கம்பெனிக்கு பணம் குடுக்கறதுக்கு முன்னாடி, எங்க கண்ணு முன்னாடி ஒரு மெம்பர டெலீட் பண்ணி திருப்பிக் கொண்டு வந்து காட்டுங்கன்னு கேக்கணும்னும் அதுல ஒரு வரி சேத்துப் போடுங்க. நீங்க கேட்டா அந்த டெஸ்ட் கோட நானே தமிழ்ல விளக்கத்தோட எழுதி அனுப்பறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு ஜில்லா